அவலாஞ்சி குளிருக்கு எந்த மெத்தை?

2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியின் பெயர் திடீரென்று எல்லா டி.வி. செய்திகளிலும் அடிபட்டது. 8-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே கொட்டிய மழை 82 சென்டிமீட்டர். சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கும் மேல், ஒரே நாளில்! செய்தி பார்த்தவர்கள் அணையைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் பேசினார்கள். அந்தப் பக்கம் குடியிருக்கும் பெண்களுக்கு அதோடு இன்னொரு கவலையும் உண்டு. படுக்கை எப்போது காயும்?

ஊட்டியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான் அவலாஞ்சி. ஆனால் ஊட்டிக்காரர்களே 'அங்க ரொம்ப குளிரும்' என்று சொல்கிற இடம். ஜூன் பிறந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் கோக்கும். தீக்குச்சி உரசினால் பற்றாது. துவைத்த துணி நாலு நாள் கொடியில் கிடந்தும் ஈரவாடை போகாது. இந்த ஈரத்தை எல்லாம் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டு கட்டிலில் கிடப்பது மெத்தை.

எமரால்டிலிருந்து அவலாஞ்சி போகும் வழியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனடா நாட்டு உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்து அணைகளில்தான் அவருடைய வேலைக்காலம் முழுக்கப் போனது. அவர் மனைவி வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறார். முப்பது வருஷம் குனிந்து களை எடுத்ததில் இடுப்பு வலி வந்துவிட்டது. கட்டிலில் இருந்ததோ கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. அதில் படுத்தால் காலையில் எழுந்திருக்க முடிவதில்லை என்று அந்த அம்மா தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுக்க ஆரம்பித்தார். அவர் கட்டிலில், இவர் தரையில். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"தரையில படுத்தா எல்லா வலியும் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க போச்சு?" என்று ஒருநாள் அவர் கேட்டபோது, கணவரிடம் பதில் இல்லை.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இடுப்பு வலி என்றால் 'கெட்டியான இடத்தில் படு' என்பது நம் ஊரில் காலம் காலமாகச் சொல்லப்படுகிற யோசனை. டாக்டர்களும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப்பேருக்கு நன்றாகக் கெட்டியான மெத்தை, மீதிப்பேருக்கு நடுத்தரமான கெட்டி. 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், இடை அந்தரத்தில் தொங்காமல் தாங்கப்பட வேண்டும். சிமென்ட் தரை இதில் எதையும் செய்யாது. அவலாஞ்சித் தரையாக இருந்தால் குளிரையும் சேர்த்து ஏற்றும்.

சரி, புது மெத்தை வாங்குவது என்று முடிவானது. கேரட்டுக்கு அந்தப் போகம் நல்ல விலை கிடைத்திருந்தது. இருபதாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த அம்மா போட்ட கண்டிஷன்.

திருப்பூரில் இருக்கும் மகள் உடனே மெமரி ஃபோம் மெத்தையின் படத்தைப் போனில் அனுப்பினாள். அவள் வீட்டில் இருப்பதும் அதுதான். "மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்மா" என்றாள். திருப்பூரில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மெமரி ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு. உடம்புச் சூட்டில்தான் அது இளகும். குளிரில் விறைத்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஊரில், இரவு படுக்கப் போகும்போது அது பலகை மாதிரிதான் இருக்கும். சூடேறி இளகுவதற்குள் பாதித் தூக்கம் போய்விடும். இதை அந்த வீட்டுக்காரர் ஊட்டி உறவினர் வீட்டில் ஒரு மார்கழி இரவு அனுபவித்துப் பார்த்தவர். அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

பஞ்சு மெத்தையையே புதுசாகத் தைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தார்கள். இலவம்பஞ்சு மட்டமான சரக்கு இல்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சுக்குத் தமிழ்நாட்டில் இன்றும் மதிப்பு உண்டு. அந்த இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு மாதிரி ஒன்று இருப்பதால் பருத்தியைப் போல அது தண்ணீரை எளிதில் குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை உடைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் பஞ்சு மெத்தைக்கு வெயில் வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் போட்டு அடித்து உதற வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சைக் கொட்டி அடித்து, திரும்பத் தைக்க வேண்டும். சமவெளியில் இதெல்லாம் நடக்கும். மலையில் வெயிலுக்கு எங்கே போவது? தோளில் வில்லை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வரும் பஞ்சடிக்கிறவரையும் அந்தப் பக்கம் பார்த்துப் பல வருஷமாகிறது.

ஆக, மிஞ்சியது ஸ்ப்ரிங் மெத்தை. ஸ்ப்ரிங்குக்குத் தமிழில் சுருள்வில் என்று பெயர். பஞ்சடிக்கிறவர் போனாலும் வில் போகவில்லை!

ஸ்ப்ரிங் மெத்தையில் முக்கியமாக இரண்டு ரகம். பழையது பானல். உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு சிறுத்த சுருள்கள், ஒன்றோடொன்று கம்பியால் பின்னப்பட்டிருக்கும். 19-ம் நூற்றாண்டில் குதிரை வண்டி இருக்கைகளுக்கு வைத்த ஸ்ப்ரிங்கிலிருந்து வந்த வடிவம் இது. உறுதியானது, விலையும் குறைவு. இன்னொன்று பாக்கெட் ஸ்ப்ரிங். ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் போட்டு வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ஒன்று அமுங்கினால் பக்கத்துச் சுருள் அசையாது. இதைக் கொண்டுவந்தவர், 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் கனடாவில் இருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்ற இன்ஜினீயர். குந்தா அணைக்கும் கனடா, மெத்தைக்கும் கனடா. வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டதும் ஒரே சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து ஊட்டிக்குப் போனார்கள். முதலில் நுழைந்த கடையில் விற்பனைப் பையன் வாய் திறந்ததும் சொன்னது, "இது பத்து இன்ச் சார், இது எட்டு இன்ச், இது ஆறு." மெத்தைக் கடைகளில் பொதுவாக நடப்பது இதுதான். உயரத்தைக் காட்டி விலையை ஏற்றுவது. உயரம் தரம் ஆகாது. பத்து அங்குலத்தில் நாலு அங்குலம் லேசான ஃபோமாக இருந்தால் இரண்டே வருஷத்தில் அது அப்பளமாகிவிடும். ஸ்ப்ரிங் மெத்தையில் முதலில் போவது பெரும்பாலும் ஸ்ப்ரிங் அல்ல, அதற்கு மேலே இருக்கும் ஃபோம்தான். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'ஃபோம் டென்சிட்டி என்ன?' கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்குச் சொல்வார்கள். தினமும் படுக்கிற மெத்தைக்கு 32-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 40 என்றால் இன்னும் நல்லது. சொல்லத் தெரியாமல் விழிக்கிற கடையில் வாங்காமல் வருவதே மேல்.

அடுத்த கேள்வி, ஸ்ப்ரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கெட்டியான ஃபெல்ட்டோ ரப்பர் கலந்த தேங்காய்நார்ப் பலகையோ இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஃபோம் சுருளுக்குள் இறங்கி, ஒருநாள் கம்பி முதுகைக் குத்தும். கம்பியின் தடிமனை கேஜ் என்பார்கள். அந்த எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் அவசியம். வயதானவர்கள் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுந்திருக்கிறார்கள். ஓரம் சரிந்தால் ஆளும் சரிவார்.

இரண்டாவது கடையில் குறுக்கே வெட்டிய மாதிரி மெத்தை ஒன்று வைத்திருந்தார்கள். கடைக்காரர் பொறுமையானவர். "செருப்பக் கழட்டிட்டு நல்லாப் படுங்கம்மா, வீட்ல எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க" என்றார். நாலு பேர் பார்க்கிற கடையில் படுப்பதற்கு அந்த அம்மாவுக்குக் கூச்சம். சேலையை இழுத்து மூடிக்கொண்டு கட்டை மாதிரி மல்லாந்தார். கடைக்காரரின் மனைவி வந்து, "அக்கா, பத்து நிமிஷம் படுத்தாத்தான் தெரியும். ஒருக்களிச்சுப் படுங்க" என்று பக்கத்தில் நின்றுகொண்ட பிறகுதான் உடம்பு தளர்ந்தது.

முதலில் பானல். படுக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மறுபக்கம் உட்கார்ந்து எழுந்ததும் மெத்தை முழுக்க ஆடியது. "அப்பர் பவானிக்கு ஜீப்புல போற மாதிரி இருக்குங்க" என்றார் அந்த அம்மா. அடுத்து பாக்கெட் ஸ்ப்ரிங். அதில் ஒருக்களித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கணவர் மறுபக்கம் வந்து உட்கார்ந்ததும் படுத்ததும் அவருக்குத் தெரியவில்லை. இருமல் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போகிற மனிதர் அவர். கட்டிலை விட்டு அம்மா தரைக்கு இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அன்றைக்கு அந்தக் கடையில்தான் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இதையே போடுங்க" என்றார். கண்டிஷனைத் தாண்டி மூவாயிரம் அதிகம். அந்த அம்மாவும் ஆட்சேபிக்கவில்லை.

தனியாகப் படுப்பவருக்கும் விருந்தாளி அறைக்கும் பானல் தாராளமாகப் போதும். காசும் மிச்சம். இருவரில் ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்கிற வீட்டில்தான் அந்த அதிகப் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது. மேலே தலையணை மாதிரி மெத்தென்று தைத்திருக்கும் ரகத்தை அவர்கள் வேண்டாம் என்று சொன்னதும் நல்லதுக்கே. முதலில் பள்ளம் விழுவது அந்தப் பகுதிதான். அதைப் புரட்டிப் போடவும் முடியாது. அவர்கள் எடுத்தது இரண்டு பக்கமும் படுக்கக்கூடியது.

வாரன்ட்டி அட்டையையும் கடையிலேயே படித்துவிடுவது நல்லது. எத்தனை வருஷம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள், கறை பட்டால் செல்லாது என்பதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப் வண்டி ஒன்றில், தார்ப்பாய் சுற்றி மெத்தை வீடு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே ஆசாரி வந்து கட்டிலைச் சரிசெய்திருந்தார். அடியில் இருந்த முழு பிளைவுட் பலகையை எடுத்துவிட்டு, மூன்று விரல் இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்கள் அடித்தார். ஈரமான ஊரில் ஸ்ப்ரிங் மெத்தைக்கு இது உயிர் மாதிரி. சுருள்களுக்கு நடுவே காற்று ஓடுவதுதான் இந்த மெத்தையின் பலம். அடியை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று கம்பி துருப்பிடிக்கும். கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள்.

மெத்தைமேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதில் ஒரு சண்டை நடந்தது. "புதுசு அழுக்காயிரும், இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் உறை போடுகிற தேசமல்லவா! ஆனால் தூங்கும்போது உடம்பிலிருந்து வெளிவருகிற ஈரம் பிளாஸ்டிக்கின் அடியில் தங்கிப் பூசணம் பிடிக்கும். கடைசியில் பிளாஸ்டிக்கைக் கழற்றி, துவைக்கக்கூடிய பருத்தி உறை போட்டார்கள். உள்ளே காற்று ஓடுவதால் ஸ்ப்ரிங் மெத்தையில் அடிக்குளிர் கொஞ்சம் தெரியும். அதற்கு விரிப்புக்குக் கீழே ஒரு கம்பளி போதும். மெத்தையைக் காயவைக்கிறேன் என்று கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைக்கிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது. மூடிய அறையில் கரிப்புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

முதல் பத்து நாள் அந்த அம்மாவுக்கு மெத்தை பிடிக்கவே இல்லை. புது இடத்தில் படுத்த மாதிரி புரண்டார். இடுப்பு வலி அப்படியேதான் இருந்தது. மூன்றாவது வாரம் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்ததை அவரே கவனிக்கவில்லை, அவர் கணவர்தான் கவனித்தார். களை எடுக்கும் நாட்களில் சாயங்காலம் இன்னமும் வலிக்கிறது. அது மெத்தையால் தீருகிற வலி இல்லை. அதற்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சி இருக்கிறது. சில நாள் செய்கிறார், சில நாள் செய்வதில்லை.

பழைய மெத்தையைப் பிரித்தபோது அடிப்பக்கத் துணி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பூசணம். அந்தப் பக்கத்துப் பஞ்சை எடுத்து எரித்துவிட்டார்கள். நடுவில் வெள்ளையாக இருந்ததை மட்டும் தனியே எடுத்து, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு உதறி, நாலு தலையணை தைத்தார் அந்த அம்மா. இரண்டு திருப்பூருக்குப் போயின.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் தினசரி காலண்டரில் அந்தத் தேதிகளில் 'மெத்தை' என்று எழுதிவைத்திருக்கிறார். அடுத்தது ஜனவரியில் வருகிறது. உறைபனி விழுந்தாலும் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கிற மாதம். அன்றைக்கு மெத்தையை வாசலுக்குத் தூக்கிவந்து சுவரில் சாய்த்து வைக்க, பக்கத்து வீட்டுப் பையனிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.