காவலப்பனும் கள்ளர் தலைவனும்

 

இலங்கையின் முதல் தமிழ் நாவல் எது என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பட்டென்று 'அசன்பேயுடைய கதை' என்பார்கள். கண்டி சித்திலெவ்வை எழுதியது, 1885. பெருமைதான், விட்டுக்கொடுக்கமாட்டோம். ஆனால் அதற்கு 29 வருசம் முந்தி, 1856இல், யாழ்ப்பாணத்தில் ஒரு கதை தமிழில் வந்தது. பெயர் 'காவலப்பன் கதை'. கள்ளரும் சுத்துமாத்தும்தான் கதை. மொழிபெயர்ப்பு என்பதால் முதலிடம் கிடைக்கவில்லை.

மூலத்தை எழுதியவர் ஹன்னா மோர் என்ற ஆங்கிலேயப் பெண். 1745இல் பிறந்து 1833இல் காலமானவர். சகோதரிகளோடு பிறிஸ்ரலில் பள்ளிக்கூடம் நடத்தியவர், எங்கள் தொழில்தான். அடிமை வியாபாரத்துக்கு எதிராகவும் எழுதினார். 1795 தொடக்கம் ஏழைகளுக்காகச் சில்லறை விலையில் சின்னப் புத்தகங்கள் வெளியிட்டார். அவை இலட்சக்கணக்கில் போயின. அந்தக் கதைகளைத் திறந்தால் கள்ளர் கூட்டம்தான். ஊரார் தோட்டத்தில் கைவைக்கும் ஜைல்ஸ். அவன் பெண்சாதி றேச்சல், குறி சொல்லி ஒரு பெட்டையின் காசையும் வாழ்க்கையையும் அழிப்பவள். மாப்பிள்ளையோடு இரகசியமாய்ப் பேசி வைத்துக்கொண்டுதான் 'உனக்கு இன்ன மாப்பிள்ளை வருவான்' என்று அந்தப் பெட்டைக்குக் குறி சொல்கிறாள்!

இத்தனைக்கும் மோர், ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் படிப்பித்தால் போதும், எழுதப் படிப்பிக்கத் தேவையில்லை என்று நினைத்த ஆள். அதை எங்களால் மன்னிக்க முடியவில்லை.

காவலப்பன் கதை இதுதான். காட்டுக்கு நடுவில் பெரிய வீடு. சுற்றிவரக் கள்ளர். எசமான் ஊரில் இல்லை. கதவைத் திறக்கக்கூடாது என்பது கட்டளை. கதவு பலம், மதில் பலம், கள்ளருக்கு வழியில்லை. ஆனால் வாசல் காவல்காரனுக்குக் கதை கேட்கிற ஆசை. கள்ளர் தலைவன் நல்ல சினேகிதன் மாதிரி வந்து, கதவுக்கு வெளியே நின்று, தேன் ஒழுகப் பேசுகிறான். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். எசமான் உன்னைச் சரியாக நடத்துகிறாரா என்று கேட்கிறான். கடைசியில் கதவு திறக்கிறது. வீடு போகிறது.

ஆங்கிலத்தில் அந்தக் காவல்காரனின் பெயருக்கே 'பேச்சு' என்றுதான் அர்த்தம். தமிழில் காவலப்பன் ஆகிவிட்டான். அங்கே பலவீனம் பெயராயிற்று, இங்கே உத்தியோகம் பெயராயிற்று. பெயர் வைத்தவரின் மனம் எங்களுக்குப் பிடிக்கிறது.

1816இல் டானியல் பூவர் பாதிரியார் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் தெல்லிப்பழை. அமெரிக்க மிசன்காரரின் காலத்துக் கதையை இங்கே வைத்துச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? ஆங்கில மூலத்தைப் பார்த்துப் பத்தாம் வகுப்புக்குச் சொன்னோம்.

சொன்ன கிழமை, ஒரு பிள்ளை மூன்று நாளாய் வரவில்லை. விசாரித்தால், தாயை யாரோ வெளிநாட்டு விசா எடுத்துத் தருகிறோம் என்று பேய்க்காட்டிவிட்டார்கள். மூத்த மகனுக்காக நகையை அடைவு வைத்துக் கொடுத்த காசு. அந்த ஆளின் போன் இப்போது வேலை செய்யாது. பொலிசில் சொன்னீர்களா என்று கேட்டோம்.

'என்னண்டு சேர் சொல்லுறது? நானே கொண்டுபோய்க் குடுத்த காசு. சனம் என்னைத்தானே சிரிக்கும்.'

அந்த இடத்தில்தான் மோர் அம்மையாரோடு எங்களுக்குக் கோபம் வந்தது. உள்ளே துரோகி இல்லாவிட்டால் வெளிக்கள்ளன் நுழையமாட்டான் என்பதே அவர் கதையின் பாடம். துணைத்தலைப்பிலேயே போட்டுவிட்டார். மனதுக்குள் நுழையும் பாவத்தைப் பற்றித்தான் அவர் சொன்னார் என்பது விளங்குகிறது. ஆனால் அந்தப் பாடத்தை ஊருக்குள் இறக்கினால் என்ன நடக்கும்? கள்ளனை விட்டுவிட்டுத் திறந்தவனைத் தேடுவார்கள். இந்த மண்ணில் 'துரோகி' சின்னச் சொல்லும் இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வீட்டைப் பூட்ட இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. உள்ளே இருந்து கதவைத் திறக்கக்கூடியவர்கள் என்ற சந்தேகம் ஒரு சனத்தின் மேல் முழுதாய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் புத்தளத்து ஓலைக்கொட்டிலில் படித்தோம். அதே வருசம் தெல்லிப்பழைச் சனமும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வளவின் எல்லையைத் தேடியவர்கள் எத்தனை பேர். அவர்களுடைய கதவை எந்தக் காவலப்பன் திறந்தான்?

மோரின் இன்னொரு கதை இதைவிட நேர்மையானது என்பது எங்கள் எண்ணம். பெற்றி பிறவுண், இலண்டனில் தோடம்பழம் விற்கும் அநாதைப் பெட்டை. முதலுக்கு ஐந்து சிலிங் கடன் வாங்குகிறாள். கொடுத்த மனிசி நல்லவள் மாதிரித்தான் கொடுக்கிறாள். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் வட்டி. ஒரு சீமாட்டி கணக்குப் போட்டுக் காட்டும்போதுதான் தெரிகிறது, ஒரு வருசத்தில் 7 பவுண் 10 சிலிங் கட்டியிருக்கிறாள்.

அடுத்த நாள் தமிழ்ப் பாடத்தைக் கணக்குப் பாடமாக்கினோம். 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்று எழுதிவிட்டு, எங்கள் காசுக்கு மாற்றச் சொன்னோம். 5,000 ரூபா கடன், ஒரு நாளைக்கு 500, முந்நூறு நாள். 1,50,000. பின்வாங்கில் இருந்து ஒருத்தன்: 'அப்ப முதல் எவ்வளவு சேர் மிச்சம்?'

'அதே 5,000.'

வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. கிழமைக்கடன்காரரின் மோட்டார் சைக்கிள் எந்த ஒழுங்கைக்குள் எந்தக் கிழமை வரும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு திரும்பவும் காவலப்பனுக்கு வந்தோம். பிழை ஆரில் என்று கேட்டோம். முக்கால்வாசிப் பேர் காவலப்பனில் என்றார்கள். அந்த வராத பிள்ளை அன்றைக்கு வந்திருந்தாள். எழும்பினாள்.

'அவனோட கதைக்க வீட்டுக்க ஒருத்தரும் இல்லையே சேர்? கள்ளன் மட்டுந்தானே வந்து எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டவன்.'

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாய் இருக்கும் கதை. அந்த வீட்டுக்குள் மற்ற வேலைக்காரரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

தாயோடு நாங்கள் பொலிசுக்குப் போனோம். சிட்டை, வங்கி ரசீது, போன் மெசேஜ் எல்லாவற்றையும் பிள்ளைதான் திகதி வாரியாக ஒட்டிக் கொண்டுவந்தாள். முறைப்பாடு பதிவாகியிருக்கிறது, காசு இன்னும் வரவில்லை. அதே ஆளிடம் கொடுத்த இன்னும் இரண்டு குடும்பம் தெரியவந்திருக்கிறது. ஒரு குடும்பம் வெளியில் சொல்ல மாட்டோம் என்று நிற்கிறது. வாற வெள்ளி பின்னேரம் அந்த வீட்டுக்கும் ஒருக்கால் போகிறோம், தாயும் வருகிறேன் என்றிருக்கிறா.

1856ஆம் வருசத்துக் காவலப்பன் கதையின் பிரதி யாரிடமாவது இருந்தால் கொமென்ற்றில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தமிழில் வாசிக்கக் கேட்கிறாள்.