மலையேறும் குதிரையின் சூடு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. தார்ச்சாலை இல்லாத காலத்தில் அவன் ஆட்கள் எந்தச் சுனையில் குதிரைகளை நிறுத்தியிருப்பார்கள் என்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் யோசிப்பேன். இன்று காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். போகப் போகக் காற்று குளிரும். முதுகில் இருக்கும் நமக்குச் சுகம். குதிரைக்கு உள்ளே நடப்பது வேறு. ஏற்றத்தில் அதன் தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்கு சூடாகவே மாறுகிறது. அவ்வளவு பெரிய உடம்புக்குத் தோலின் பரப்பு குறைவு. வியர்வைதான் முக்கிய வழி.

மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் கீழ் வளைவுகளில் இலை அசையாது. குதிரையின் கழுத்தில் நுரை தள்ளும், வயிற்றடியில் வியர்வை சொட்டும். "நல்லா வேர்க்குது, சூடு இறங்கிடும்" என்பார்கள். சொட்டிப்போகும் வியர்வையால் பயனில்லை. தோலிலேயே ஆவியாவதுதான் சூட்டை எடுத்துப்போகும். புழுக்கத்தில் அது நடப்பதில்லை. அந்தியூர்ச் சந்தையில் கத்தியவார் குதிரையை வாங்குகிறவர்கள் அது எந்த வெயிலையும் தாங்கும் என்று நம்புகிறார்கள். அது சௌராஷ்டிரத்தின் வறண்ட வெயிலில் வளர்ந்த இனம். புழுக்கம் அதற்கும் சோதனைதான். சென்னை போன்ற கடலோர ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோவதுண்டு. குளிர்நாடுகளிலிருந்து வந்தவை இதற்கு அதிகம் ஆளாகும்.

அதனால் விடியலில் ஏறுகிறேன். செங்குத்தான இடங்களில் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து நடத்துகிறேன். நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி விலாவைப் பார்ப்பேன். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு விடும் பிராணி அது. நின்ற பிறகும் மூக்கு விரிந்து இரைப்பு அடங்காவிட்டால் சேணத்தைக் கழற்றிவிடுவேன். அன்றைய சவாரி அத்தோடு முடிந்தது. தாடைக்கு அடியில் நாடி பார்ப்பதும் அவசியம். நெடுந்தூரப் பந்தயங்களில் இடைநிறுத்தங்களில் துடிப்பு 64க்குள் இறங்காத குதிரையை மேற்கொண்டு விடுவதில்லை. சரியான விதி.

பிறகு தண்ணீர். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தன. புழுக்கத்தில் குதிரையைக் காப்பாற்ற அதைவிட நல்ல மருந்து கிடையாது. கழுத்து, மார்பு, விலா, சப்பை, தொடையின் உட்புறம் என்று நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தால் வழித்துவிடத் தேவையில்லை. நனைத்த சாக்கை முதுகில் போர்த்துவது மட்டும் கூடாது. சாக்கு சூடாகி, சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

குடிநீரிலும் ஒரு விஷயம் உண்டு. குதிரையின் வியர்வையில் அதன் இரத்தத்தில் இருப்பதைவிட உப்பு அதிகம். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், உடம்பு வற்றியும் தாகம் தெரியாமல் நிற்கும் குதிரைகள் உண்டு. மலைமேல் செம்மேட்டில் குதிரையிலிருந்து இறங்கியதும் இரண்டு வாளி வைப்பேன்: ஒன்றில் லேசாக உப்புக் கரைத்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். உப்பு நீரை முதலில் காட்டுவேன்.