நேபாளத்தின் பாடன், பெயர்ந்து கிடந்த நாட்கள்

2015 ஏப்ரல் 25, சனி, இரவு

வீட்டுக்குப் பின்னாலுள்ள முற்றத்தில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உள்ளே போக யாருக்கும் தைரியமில்லை. பகல் 11.56-க்குப் பூகம்பம். 7.8 என்கிறது ரேடியோ.

அரண்மனைச் சதுக்கத்தில் சார் நாராயணர் கோயில் இல்லை. ஹரிசங்கரர் கோயிலும் இல்லை. செங்கல் மேடும், அதிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் உத்திரங்களும்தான். 1637-இல் சித்திநரசிம்ம மல்லர் கல்லால் எழுப்பிய கிருஷ்ணர் கோயில் நிற்கிறது.

வியாழனன்று பக்தபூரில் இருந்தோம். 1934 பூகம்பத்தில் விழுந்த எண்கோண மண்டபத்தை ஜெர்மானியர் உதவியோடு மறுபடி கட்டியிருக்கிறார்கள், உள்ளே இரும்புச் சட்டம் வைத்து. பழைய மரவேலைக்கு நடுவே அந்த இரும்பு உறுத்தியது. பிடிக்கவில்லை என்று அங்கேயே சொன்னேன்.

ஊருக்குப் போன் போகவில்லை.

ஏப்ரல் 26

மதியம் மறுபடி 6.7. இரவு மழை.

ஏப்ரல் 27

வீட்டுக்கார தீதி என்னைச் சதுக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். போலீஸ், ராணுவம், தெருப் பையன்கள், பூசாரி வீட்டுப் பெண்கள் எல்லோரும் வரிசை கட்டிச் செங்கல்லைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மரவேலைகளை மட்டும் தனியாக எடுத்து, அரண்மனைக்குள் கொண்டுபோய் அடுக்குகிறார்கள். கூரையைத் தாங்கும் சாய்கட்டை ஒன்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். 'துண்டால்' என்கிறார்கள் அதை. பல கைகளோடு ஒரு தேவி, காலடியில் குட்டி மனிதர்கள். முழங்கை ஒன்று புதிதாக ஒடிந்திருந்தது. உடைந்த இடத்தில் மரம் சிவந்து தெரிந்தது. நல்ல கனம். மேல்முனையின் கழுந்து துளியும் சிதையவில்லை. வயதான தச்சர் ஒருவர் அதை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மலைக் கிராமங்களில் ஆட்கள் இன்னும் மண்ணுக்கடியில் இருக்கும்போது, கட்டை பொறுக்கிக்கொண்டிருக்கலாமா? கேட்டேவிட்டேன்.

"இங்கே அகப்பட்டவர்களைச் சனிக்கிழமையே எடுத்தாயிற்று, பஹினி. இதை இன்றைக்கு உள்ளே வைக்காவிட்டால் ராத்திரியோடு காணாமல் போகும்" என்றார் தீதி. நேபாளத்துக் கோயில்களிலிருந்து எத்தனையோ சாமிகள் திருட்டுப்போய் வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கின்றன. அவர் மாமியார் 'தொண்ணூறாம் வருஷத்து' ஆட்டத்தைப் பார்த்தவராம். விக்ரம வருஷம் 1990, நமக்கு 1934. அப்போதும் இப்படித்தான் பொறுக்கினார்களாம்.

மாலைவரை தூக்கினேன்.

ஏப்ரல் 28

காத்மாண்டுவின் காஷ்டமண்டபம் விழுந்தது சனிக்கிழமையே தெரியும். அங்கே அப்போது ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது என்று இன்றுதான் கேட்டேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கள்.

ஊருக்கே பெயர் கொடுத்த அந்த மண்டபத்தில், வெள்ளியன்று நான் பார்த்தபோது, நடுவே கோரக்நாதர் இருந்தார். தூண்களில் சாய்ந்து சுமைகூலிகள் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். வழிப்போக்கர் தங்கத்தான் கட்டியது. டீக்கடை டிவியில், யுனெஸ்கோ 1979-இல் பட்டியலில் சேர்த்த ஏழு இடங்களின் சேதத்தை வரிசையாக வாசித்தார்கள். அந்தக் கூலிகளைப் பற்றி யார் வாசிப்பார்கள்? ஆத்திரமாக வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 29

தீதியின் தங்கை வீட்டுக்கு அரிசி கொண்டு பக்தபூர் போனோம். சந்து சந்தாக வீடுகள் சரிந்து கிடக்கின்றன. மண்சாந்தில் அடுக்கிய செங்கல், மழையில் கரைந்து சேறாகியிருக்கிறது. வத்சலா துர்க்கை கோயில் போய்விட்டது. ஐந்தடுக்கு ஞாதபோலா, 1702-இல் பூபதீந்திர மல்லர் கட்டியது, ஓங்கி நிற்கிறது. 1934-இலும் நின்றதுதான். படிக்கட்டின் அடியில் மற்போர் வீரர் இருவர், மேலே யானை, சிங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் கீழுள்ளதைப்போல் பத்து மடங்கு பலம் என்பார்கள். இன்று அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

எண்கோண மண்டபம் அப்படியே இருக்கிறது. அதன் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தீதி கூப்பிட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.

ஏப்ரல் 30

விமானப்படை விமானத்தில் டெல்லி. தீதியிடம் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

மே 12

வீட்டில் இருக்கிறேன். மதியம் நேபாளத்தில் மறுபடி 7.3. தீதியின் எண்ணுக்கு லைன் கிடைக்கவில்லை. ஜூனில் மழைக்காலம் வந்துவிடும். கிடைத்ததும் வீடு எப்படி இருக்கிறது, எங்கே படுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அப்புறம், அடுக்கி வைத்த மரங்களுக்குமேல் தகரம் போட்டாயிற்றா என்று.