வாசல் கதவைப் பூட்டினால் போதுமா? சூறாவளி குறிவைப்பது கேரேஜ் கதவை!

அமெரிக்காவில் பிள்ளைகள் வீடு வாங்கியதும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். கிச்சன், பூஜை அலமாரி, கொல்லைப்புறப் புல்வெளி என்று ஒன்று விடாமல் வரும். கேரேஜ் வந்ததும், "இது கார் நிறுத்துற இடம்ப்பா" என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். அந்த வீடு ஃப்ளோரிடாவில் இருந்தால், நின்று பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

காரணம் எளிது. இரண்டு கார் நிறுத்தும் கேரேஜின் கதவு பொதுவாக 16 அடி அகலம், 7 அடி உயரம். வீட்டுச் சுவரில் இவ்வளவு பெரிய ஓட்டை வேறெங்கும் கிடையாது. அதை மூடியிருப்பது பெரும்பாலும் மெல்லிய தகடு. நான்கைந்து பலகைகளாகப் பிரித்து, கீல் போட்டு, இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் மூலம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடவிட்டிருப்பார்கள். நடுவில் 16 அடிக்கும் எந்தத் தூணும் இல்லை.

இதன்மேல் காற்று மோதினால் என்ன ஆகும்? மணிக்கு 160 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால், அந்தக் கதவின்மேல் விழும் பாரம் சுமார் 1,300 கிலோ. வேகம் 240 ஆனால் பாரம் கிட்டத்தட்ட 2,900 கிலோ. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, பாரமோ இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது. காற்றின் கணக்கு அப்படி.

கதவு போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், சேதம் அதோடு நிற்பதில்லை. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லாததால் கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில், கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை வெளியிலிருந்து உறிஞ்சி இழுக்கும். எதிர்காற்றில் குடை பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரை பிய்ந்தால் மழை உள்ளே, சுவருக்குப் பிடிமானம் போச்சு.

ஃப்ளோரிடா இந்தப் பாடத்தைப் படித்தது 1992-ல். அந்த வருடம் ஆகஸ்ட் 24 அதிகாலையில் மியாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறிய ஆண்ட்ரூ சூறாவளி, 25,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வல்லுநர்கள் இடிபாடுகளுக்கு நடுவே நடந்து பார்த்து எழுதிய அறிக்கையில், கூரைகளோடு சேர்த்து கேரேஜ் கதவுகளையும் குறிப்பிட்டார்கள். கதவு உடைந்து, உள்ளே அழுத்தம் ஏறி, வீடு சிதைந்த கதை தெருவுக்குத் தெரு இருந்தது.

அதன் பிறகுதான் விதிகள் இறுகின. மியாமி-டேட், ப்ரவர்ட் என்ற இரண்டு கவுன்டிகளில் இன்று ஒரு கேரேஜ் கதவு விற்பனைக்கு வர வேண்டுமென்றால், அது கடக்க வேண்டிய சோதனையைக் கேட்டால் சிரிப்பும் வரும், பயமும் வரும். நான்கு கிலோ எடையுள்ள மரச் சட்டத்தை ஒரு பீரங்கி மாதிரிக் கருவியில் வைத்து, மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் கதவின்மேல் சுடுகிறார்கள். புயலில் பறந்து வரும் பக்கத்து வீட்டு வேலிக்கட்டைக்கு அது ஒத்திகை. அடி வாங்கிய அதே கதவை அப்புறம் நூற்றுக்கணக்கான முறை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பார்ப்பார்கள். தாங்கினால்தான் அனுமதி எண்.

மாநிலம் முழுவதற்குமான பொதுக் கட்டட விதி நடைமுறைக்கு வந்தது 2002 மார்ச்சில். ஃப்ளோரிடாவில் வீடு பார்க்கும் எவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய வருடம் அது. அதற்கு முன்னால் கட்டிய வீடு என்றால், கேரேஜ் கதவு புயல் காற்றுக்குச் சோதிக்கப்படாததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

டாம்பா புறநகரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு அப்படிப்பட்டதுதான். 1990-களின் கடைசியில் கட்டியது. 2024 அக்டோபர் 9 இரவு மில்டன் சூறாவளி டாம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீ அருகே கரையேறியபோது, அவர்கள் வெளியேற்ற உத்தரவு இல்லாத பகுதியில் இருந்ததால் வீட்டிலேயே தங்கினார்கள். வேதாரண்யத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த அப்பாவும் உடன் இருந்தார். 2018 நவம்பரில் கஜா புயலில் தன் உரக்கடையின் ஷட்டர் காகிதம் மாதிரி சுருண்டு போனதைப் பார்த்தவர் அவர்.

நள்ளிரவில் கேரேஜிலிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கதவு உள்ளே வளைகிறது, வெளியே போகிறது, மறுபடி உள்ளே வருகிறது, மூச்சு விடுவதுபோல. மருமகன் காரைக் கதவோடு ஒட்டி நிறுத்தப் போனார். "வேண்டாம் மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார் மாமனார். அன்றிரவு கதவு தப்பித்தது.

காலையில் மாமனார் கதவின் தகட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தின் அருகே குனிந்தார். "இந்தச் சட்டத்தை எதுல முடுக்கியிருக்காங்க? என் கடையில தகடு கிழியல மாப்பிள்ளை. ஓரத்துல இருந்த பிடிதான் விட்டுப்போச்சு."

"மரத்துல மாமா" என்றார் மருமகன், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு. "சில இடத்துல ஸ்க்ரூவே ஆடுது."

உரக்கடைக்காரர் கேட்டதுதான் இந்த விஷயத்தின் முக்கியமான கேள்வி. பெரும்பாலும் காற்று கதவைக் கிழிப்பதில்லை. நடுவில் வளைக்கும். வளைந்ததும் கதவின் அகலம் குறையும், ஓரச் சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து கழன்றுவிடும், முழுக் கதவும் உள்ளே விழும். ஆகவே, கடைக்காரர் தகட்டின் கனத்தைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான் சொல்கிறார். கதவு வாங்கிய பாரம் சக்கரத்துக்குப் போகும், அங்கிருந்து தண்டவாளம், அங்கிருந்து மரச்சட்டம், கடைசியில் கான்க்ரீட் சுவர். இதில் எந்தக் கண்ணி இளைத்தாலும் மற்றவை இருந்து பயனில்லை. நல்ல கதவை உளுத்த மரச்சட்டத்தில் மாட்டுவது வீண் செலவு.

சரி, கதவையே மாற்றுவதா, இருப்பதைப் பலப்படுத்துவதா?

முதலில் கதவின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், அனுமதி எண், அதோடு தாங்கும் அழுத்தம் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு எண்களாக இருக்கும். ப்ளஸ் என்றால் காற்று உள்ளே தள்ளுவது, மைனஸ் என்றால் வெளியே இழுப்பது. உங்கள் ஊருக்கு எவ்வளவு தேவை என்பதைக் கவுன்டியின் கட்டட அலுவலகத்தில் கேட்டு ஒப்பிடலாம். ஸ்டிக்கர் இல்லையென்றால், கதவு தாங்காது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

பலப்படுத்துவது மலிவு. ஒவ்வொரு பலகைக்கும் குறுக்கே இரும்புப் பட்டை போடலாம். அல்லது, தரையிலும் மேல் விட்டத்திலும் மாட்டும் செங்குத்துத் தூண்களை வாங்கி வைத்து, புயல் எச்சரிக்கை வந்ததும் பொருத்தலாம். இந்தத் தூண்களில் ஒரு சிக்கல். அவற்றை மாட்ட வீட்டில் ஆள் வேண்டும். சீசன் நடுவில் நீங்கள் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தால்? குறுக்குப் பட்டைகளுக்கு வேறு சிக்கல். கதவின் எடை கூடிவிடும், பழைய ஸ்ப்ரிங் தூக்காது, அதையும் மாற்ற வேண்டும். அந்த ஸ்ப்ரிங்கை யூடியூப் பார்த்துச் சொந்தமாகக் கழற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். முறுக்கி வைத்த இரும்பு அது. கை எலும்பை உடைக்கும், உயிரையும் எடுக்கும். அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

ஸ்டிக்கர் இல்லாத பழைய கதவு என்றால் மாற்றுவதே புத்திசாலித்தனம். அழகுக்காக மேல்வரிசையில் கண்ணாடி வைத்த கதவுகள் நிறைய விற்பனையாகின்றன. கடலோரத்தில் அதை வாங்குவதாக இருந்தால், 'காற்றைத் தாங்கும்' என்ற சான்று மட்டும் போதாது, 'பறந்து வரும் பொருளின் அடியையும் தாங்கும்' என்ற சான்றும் வேண்டும். இரண்டும் வேறு வேறு. கண்ணாடி இல்லாத கதவு அழகு குறைவுதான், கவலையும் குறைவு. இன்னொன்று, "பெர்மிட்டெல்லாம் எதுக்கு சார், குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பெர்மிட் எடுத்தால்தான் திருகு சரியான இடத்தில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவார்.

டாம்பா குடும்பத்தில் கிச்சனுக்கு க்ரானைட் போட எடுத்து வைத்த பணம் இருந்தது. மகளுக்கு மனசில்லை. "வர்றவங்க கிச்சனைத்தானேப்பா பார்ப்பாங்க" என்றார். வாரக்கணக்கில் பேச்சு ஓடி, கடைசியில் கதவு ஜெயித்தது. அதற்கு இன்சூரன்ஸும் ஒரு காரணம். புயலுக்கு எதிரான பாதுகாப்பு செய்த வீடுகளுக்குப் பிரீமியத்தில் சலுகை தர வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம். ஆனால், ஜன்னல்களுக்கெல்லாம் ஷட்டர் போட்டுவிட்டு கேரேஜை விட்டுவிட்டால், அந்த இளைத்த திறப்பை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். 'மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம்' என்ற அரசுத் திட்டமும் இருக்கிறது. தகுதி உள்ள வீட்டுக்காரர் ஒரு டாலர் போட்டால் அரசு இரண்டு டாலர் போடும், 10,000 டாலர் வரை. நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும்.

புயலன்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று ஒரு பழைய நம்பிக்கை இன்னும் சுற்றுகிறது. தப்பு. காற்றுக்கு நீங்களே வழிவிடுகிறீர்கள். தென் கரோலினாவில் 105 ராட்சத மின்விசிறிகளை வைத்து முழு வீட்டின்மேல் புயல் வீசிப் பார்க்கும் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது. வெளிக்கதவுகள், ஜன்னல்களோடு வீட்டுக்குள் இருக்கும் அறைக் கதவுகளையும் மூடி வைத்தால், கூரையின் மேல் விழும் விசை 30 சதவிகிதம் வரை குறையும் என்கிறது அந்த மையம். படுக்கையறை, குளியலறை, கேரேஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு, எல்லாமே. காசு செலவில்லாத வேலை.

புயல் ஓய்ந்து கரன்ட் இல்லாதபோது, மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கேரேஜுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் இதனால் ஆட்கள் சாகிறார்கள்.

சூறாவளி சீசன் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30 வரை. சான்று பெற்ற கதவு கடையில் தயாராக இருக்காது, அளவு கொடுத்துச் செய்து வர வாரங்கள் ஆகும். அதற்கு மேல் பெர்மிட்டுக்கான நாட்கள். முதல் புயலின் பெயர் டிவியில் வந்த பிறகு போன் செய்தால், ஊரே அதே கடைக்குத்தான் போன் செய்துகொண்டிருக்கும். அளவெடுக்க ஆளைக் கூப்பிட ஜனவரி, பிப்ரவரிதான் தோது.