ஸ்ட்ராங்கிள்தார்ன் கரையில் தூண்டில் போட்டி

பிரயாணச் சீட்டு இல்லாமலும் படுக்கைக்கு முன்பதிவு செய்யாமலும் போய்வரக்கூடிய ஒரு கடற்கரையைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிகின்றோம். எந்த ரயில்வே கால அட்டவணையிலும் அவ்வூரின் பெயர் காணப்படாது. அமெரிக்க நாட்டு பிளிஸார்ட் நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்’ என்னும் கணினி விளையாட்டினுள் அஸெரோத் என்றோர் உலகம் உண்டு. அதன் கீழைக் கண்டத்தின் தென்கோடியில், காடு அடர்ந்த தீபகற்பமாக நீண்டு கிடப்பதே ஸ்ட்ராங்கிள்தார்ன். பெயரைக் கேட்டு அன்பர்கள் அஞ்ச வேண்டா. புலியும் கடற்கொள்ளைக்காரரும் அங்கே உளரெனினும், நாங்கள் போவது மீன் பிடிப்பதற்கே.

நாங்கள் என்றால், கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வசிக்கும் எங்கள் வீட்டாரும், நாக்பூரிலுள்ள தங்கை குடும்பமும், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குச் சென்றுவிட்ட அண்ணன் குடும்பமும் ஆவோம். மூன்று வீட்டாரும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே கரையில் சேர்வதோ மாதம் இருமுறை நிகழ்கின்றது.

தீபகற்பத்தின் தென்முனையில் பூட்டி பே என்னும் துறைமுகம் இருக்கிறது. தரைவழியே வருபவர், ஒரு மாபெரும் சுறாவின் தாடையெலும்பு வாயிலைக் கடந்து, குகைவழி நுழைந்து, சட்டென்று கடலைக் காண்பர். மலைச்சரிவை ஒட்டி மரப்பலகைகளால் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட வீடுகள், அவற்றை இணைக்கும் பலகைப் பாலங்கள், கீழே படகுத்துறை. ராட்செட் என்னும் அக்கரைத் துறைமுகத்துக்கு இங்கிருந்து கப்பல் போகிறது. துறைமுக வாயிலிலுள்ள சிறு தீவில், ரியோ டி ஜெனீரோவின் கிறிஸ்து சிலையை நினைவூட்டும் வண்ணம், கைகளை விரித்தபடி கோப்ளின் ஒருவரின் பெருஞ்சிலை நிற்கிறது. கோப்ளின் என்போர் பச்சைநிறக் குள்ளர். வாணிபத்தில் மகா சமர்த்தர். ஊர் அவர்களுடையது. இரு பகை அணியினரும் இங்கே வந்து போகலாம்; ஆனால் ஊருக்குள் சண்டை தொடங்குபவரை ஊர்க்காவலர் சும்மா விடமாட்டார்கள்.

2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் இக்கரையில் மீன்பிடிப் போட்டி ஏற்பட்டது. ஞாயிறுதோறும் அவ்வுலகக் கடிகாரப்படி பகல் 2 மணிக்கு ரிகிள் பாஸ்பெய்ட் என்னும் கோப்ளின் போட்டியை அறிவிப்பார். அந்நேரம் முதல் கரையோர நீரில் ஒருவகை மீன்கூட்டம் ஆங்காங்கே தென்படும். ஸ்பெக்கிள்டு டேஸ்டிஃபிஷ் என்பது அதன் பெயர். வீட்டில் நாங்கள் புள்ளிச் சுவைமீன் என்போம். அம்மீனில் 40 பிடித்து முதன்முதலில் ரிகிளிடம் கொண்டு சேர்ப்பவருக்கே வெற்றி. உயர்ந்த தூண்டிற்கோல் ஒன்றோ, அணிந்தவரை மீனாக உருமாற்றும் கொக்கி ஒன்றோ பரிசாகும். வேறு மூன்று அரிய மீன்களும் உண்டு. அவற்றுள் ஒன்று அகப்பட்டால், முதலில் வராதவருக்கும் தனிப்பரிசு கிடைக்கும்.

போட்டியிட விரும்புவோர் அறிய வேண்டியவை சில. அவ்வுலகில் ‘ஹார்த்ஸ்டோன்’ என்றொரு கல் எல்லாரிடமும் உண்டு. அது ஒருவரை அவர் தங்கும் விடுதிக்கு நொடியில் கொண்டு சேர்க்கும். முதல் வேலையாகப் பூட்டி பே விடுதிக்காரரிடம் பேசி, அவ்விடுதியையே இருப்பிடமாக்கிக் கொள்ள வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய கல் மீண்டும் பயன்பட நேரமாகும். எனவே போட்டிக்கு முன்னர் அதைத் தொடாதிருத்தல் நலம். இக்கல் கையிலிருந்தால் தூரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பலரும் துறைமுகத்தின் அருகிலேயே நெருக்கியடித்து நிற்க, நாம் வடக்கே ஆளில்லாத கரைக்குப் போய் அமைதியாகப் பிடிக்கலாம். நாற்பதாவது மீன் பையில் விழுந்த கணமே ஊர் திரும்பிவிடலாம்.

தக்கை மீன்கூட்டத்தின் நடுவே விழுந்தாலன்றி அம்மீன் கிடைக்காது. தூரம் தவறினால் ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து மறுபடி வீச வேண்டும். நீந்திக்கொண்டே வீச இயலாது. கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். விளையாட்டின் சங்கீதத்தை நிறுத்தி, நீரோசையை மட்டும் உரக்க வைப்பது எங்கள் வழக்கம். தக்கை ‘சளக்’கென்று அமிழும் ஓசை கண்ணுக்கு முன்னே காதுக்கு எட்டிவிடும். ‘வார் மோட்’ என்னும் போர்நிலை அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. இல்லையேல் முப்பத்தைந்தாவது மீனில் எதிரணிக்காரர் முதுகில் அடிப்பார். எங்கள் பேட்டையின் மின்வெட்டுக்கு மட்டும் உபாயம் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மீன்கூட்டத்தில் இருவர் தூண்டில் போடுவதை விதி தடுக்கவில்லை. கூட்டமோ சில வீச்சுகளில் தீர்ந்துபோகும். முன்னரே நிற்பவர் பக்கத்தில் போய் வீசுவது கெட்டிக்காரத்தனம் என்பார் பலர். முன்பதிவு செய்தவர் இருக்கையில் இடித்துக்கொண்டு உட்காருவது போலவே அது எங்களுக்குப் படுகிறது; நாங்கள் செய்வதில்லை. அதனாலோ என்னவோ, இதுவரை ஒருமுறையும் வென்றதில்லை.

பெரிய போட்டியில் வெற்றி ஒருவருக்கே என்பதால், பிள்ளைகளுக்காக நாங்களே ஒரு சிறு போட்டி நடத்தத் தொடங்கினோம். இதற்கு ஸ்ட்ராங்கிள்தார்ன் ஏற்றதன்று. ஸ்டார்ம்விண்ட் தலைநகரிலிருந்து நடந்தே போகத்தக்க எல்வின் காட்டில், கோல்ட்ஷயர் என்னும் சிற்றூரை ஒட்டிக் கிரிஸ்டல் ஏரி உள்ளது. நம் ஊர்ப்புறத்து ஏரியைப் போலவே சாதுவான இடம். மீன்பிடி கற்பிப்பவரும் அங்கேயே இருக்கிறார். இருபதாம் படி வரை கட்டணமின்றி விளையாட நிறுவனத்தார் இடமளிப்பதால், மூன்று வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரு சந்தாவோடு காரியம் நடக்கிறது. கட்டணமில்லாதவர் பிறரைக் குழுவுக்கு அழைக்க முடியாது. இருபதாம் படியைத் தாண்டியவரோடு சேரவும் முடியாது. ஆகவே சந்தா கட்டிய நாங்கள் ஒரு புதிய பாத்திரத்துடன் சென்று மற்றவரை அழைக்கிறோம். சாதாரணக் குழுவில் ஐவருக்குத்தான் இடம். எல்லாரும் ஐரோப்பியப் பிரிவில், ஒரே அணியில் சேர்ந்திருப்பதும் அவசியம். அமெரிக்கப் பிரிவில் கணக்குத் தொடங்கிய பிள்ளை இக்கரைக்கு வரவே இயலாது. இதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்த மீனுக்கு எண்ணிக்கை என்பதைத் தொடங்கும் மணியில்தான் அறிவிக்கிறோம். முன்னரே சொன்னால் பழைய மீனைப் பையில் வைத்துக்கொண்டு வரும் புத்திசாலிகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டல்லவா? குழுவில் யார் எதைப் பிடித்தார் என்பது உரையாடற் கட்டத்தில் வரிவரியாக விழுவதால், பேரேட்டைப் போல அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

எங்கள் போட்டிக்கென்று தனி விதி ஒன்றும் உண்டு. மீன் விழுந்ததும் அதன் எண்ணைத் தொலைபேசி அழைப்பில் எல்லாரும் கேட்கத் தமிழில் கூவ வேண்டும். ஆங்கிலத்தில் கூவிய மீன் கணக்கில் சேராது. தங்கை மகள் ஹிந்தியில் படிப்பவள். முதல் மாதம் ‘பந்த்ரஹ்’ என்று கூவி ஒரு மீனை இழந்தாள். ஹிந்தியைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் வாதாடியது நியாயமே, ஆயினும் நாங்கள் இரங்கவில்லை. அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஜெர்மன் மொழியில் ஒன்றின் இலக்கம் முன்னும் பத்தின் இலக்கம் பின்னுமாக எண் சொல்வார்களாம். அவ்வழக்கில் அவன், “சித்தப்பா, நாலிருபது!” என்று கூவினான். அவன் அத்தை நாக்பூரிலிருந்து, “இருபத்திநாலுடா கண்ணா” என்று திருத்தினாள். அடுத்த மீனுக்கு இருபத்தைந்து சரியாக வந்தது. அதுவரை தொலைபேசியில் ‘ஹலோ’வுக்கு மேல் பேசாதிருந்த பிள்ளை அவன். இப்போது தக்கை அமிழாத நேரத்தில், பாட்டியின் முழங்கால் வலி எப்படி என்றும் விசாரிக்கிறான்.

பரிசு மூன்று வைத்திருக்கிறோம்: மிகுதியாகப் பிடித்தவருக்கு, முதல் மீன் பிடித்தவருக்கு, எண் பிசகாமல் கூவியவருக்கு. பரிசு தமிழ்க் கதைப்புத்தகம். ஹாம்பர்க்குக்கு அனுப்பும் தபாற்செலவு புத்தக விலையைத் தாண்டிவிட்டதால், அண்ணன் மகனுக்குரியவற்றை இங்கேயே அலமாரியில் சேர்த்து வருகிறோம். அவன் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை மூன்று சேர்ந்திருக்கின்றன.

ஐரோப்பியப் பிரிவின் பகல் 2 மணி, குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அன்று முதல் அக்டோபர்க் கடைசி ஞாயிறு வரை அது நமக்கு மாலை 5.30. எங்கள் சிறு போட்டியும் அதே மணிக்குத்தான். இரண்டு நேரத்தையும் பணிமுறை அட்டவணையோடு சேர்த்து எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.