இரண்டாவது தடவை போவது

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் நடக்கும் காலையில் போய் நின்றால் போதும், மதியத்துக்குள் போனில் புது எண்கள் சேர்ந்துவிடும். பென்னாகரத்துப் பக்கமிருந்து மூட்டையோடு வந்த விவசாயி, கூட்டை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்க்கும் நூற்பாளர், வேன்காரர், கிருமிநாசினி விற்கிற கம்பெனி ஆள் என்று எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே நிற்பார்கள். எடை போட்டு முடிவதற்குள் ஊர் கேட்டு, ஏக்கர் கேட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு, "சரிங்கண்ணா, பேசலாம்" என்று பிரிவோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் நடப்பதே இல்லை. 'பாலக்கோடு கூடு', 'அரூர் வேன்' என்று பதிந்த எண்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒருநாள் நமக்கு ஏதாவது தேவை வரும்போது தேடி எடுத்து அழைப்போம். எதிர்முனையில், "யாருங்க?" என்பார்கள்.

நான் இளம்புழு வளர்த்துக் கொடுக்கிறவன். முட்டைத் தொகுதி வாங்கிப் பொரிக்கவைத்து, இரண்டாவது தோலுரிப்பு முடியும்வரை புழுவைப் பார்த்து விவசாயிகளிடம் ஒப்படைக்கிறேன். சாக்கி என்று சொன்னால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் புரியும். புழு கைமாறியதும் பணம் வந்துவிடுகிறது. கணக்குப்படி அதோடு வேலை முடிந்தது. ஆனால் இந்தத் தொழிலில் நிலைத்து நின்ற யாரும் அதோடு முடித்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. புழுவைக் கொடுத்த நாள் வெறும் அறிமுக நாள்தான். அதற்குப் பிறகு அந்த வளர்ப்பு மனைக்கு எப்போது போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதை வைத்துத்தான் அந்த வீட்டுக்காரர் நம்மை எடைபோடுகிறார்.

எப்போது போவது என்பதைப் பட்டுப்புழு தானே சொல்லிக்கொடுக்கும். எங்களிடமிருந்து போன புழு மூன்றாம் பருவத்தில் மூன்று நான்கு நாள் தின்றுவிட்டு அடுத்த தோலுரிப்புக்கு அடங்கும். தலையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கும். அப்போது தழை போடக் கூடாது. படுக்கை ஈரமாக இருக்கக் கூடாது, சுண்ணாம்புத் தூள் தூவிக் காயவைக்க வேண்டும். எல்லாப் புழுவும் தோலை உரித்து எழுந்த பிறகுதான் மறுபடி தழை. முதலில் எழுந்த புழுவைப் பார்த்து அவசரப்பட்டுத் தழை போட்டுவிட்டால் புழு ஒரே சீராக வளராது. கடைசியில் கூடும் சீராக வராது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் தடுமாறுகிற இடம் இதுதான். அந்த நாளைக் கணக்குப் பண்ணி, முந்தின மாலையில், "அண்ணா, நாளைக்குப் புழு அடங்கும், சுண்ணாம்பு இருக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், அது அவருக்குத் தேவையான நேரத்தில் வந்த வார்த்தை. அதே அழைப்பு பத்து நாள் கழித்துப் போனால் வெறும் நலவிசாரிப்பு. அதில் தப்பில்லை, பயனும் இல்லை.

நான்காவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவம் தொடங்கினால் வீடே தூங்காது. ஒரு புழு தன் ஆயுளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் தின்கிறது. தோட்டத்தில் தழை போதுமா, பக்கத்துக் காட்டில் வாங்க வேண்டியிருக்குமா என்ற கவலை அப்போதுதான் முற்றும். பால் புழு நோய் தலைகாட்டுவதும், ஊசி ஈ வந்து உட்காருவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். வளர்ப்பு மனைக்கு நேரில் போவதற்கு இதைவிடச் சரியான நாள் கிடையாது. போய்ப் பெரிதாக எதுவும் செய்துவிட வேண்டாம். வாசலில் கிருமிநாசினியில் காலை நனைத்து உள்ளே போய், தட்டுத் தட்டாகப் பார்த்து, நோய்ப்பட்ட புழு இருந்தால் பொறுக்கி எடுக்கச் சொல்லி, தழை பற்றாத வீட்டுக்குத் தழை மிச்சமிருக்கும் வீட்டைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அதன்பிறகு நம்மைக் கேட்காமலே ஒருவரோடு ஒருவர் பழகத் தொடங்குவார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்டைக்கு முன்பதிவு செய்கிறவர், நம்பர் கொடுக்கிறவர், பணம் தருகிறவர் எல்லாம் ஆண்கள். புழுவோடு இரவும் பகலும் இருப்பது அந்த வீட்டுப் பெண்கள். தழை வெட்டுவதும், படுக்கை மாற்றுவதும், பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டுவதற்குச் சந்திரிகைத் தட்டில் விடுவதும் அவர்கள் கையில்தான் நடக்கிறது. போனில் பெயர் இருப்பவரோடு மட்டும் தொடர்பு வைத்திருந்தால் பாதித் தொடர்புதான் வைத்திருக்கிறோம். "தம்பி, இந்தத் தடவை புழு கொஞ்சம் மந்தமா இருக்குது" என்று அந்த வீட்டு அக்கா சொல்லும் ஒரு வரியில் இருக்கிற செய்தி, அவர் கணவர் அங்காடியில் அரை மணி நேரம் பேசினாலும் கிடைக்காது. எந்தத் தொழிலிலும் இது உண்டு. கடையில் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். சரக்கைக் கையாளும் பையனை மறந்துவிடுகிறோம்.

புது உறவை எப்படித் தொடர்வது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது எங்கள் ஊர்ப் பழைய கதைதான். தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில் இதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் கற்பனைப் பாத்திரம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் அவன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981இல் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் நெல்லிக்கனியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஔவைக்கும் அவனுக்கும் இருந்த நட்பு ஒரு கனியில் உண்டானதுபோல மனதில் பதிந்துவிட்டது. புறநானூற்றை எடுத்துப் படித்தால் அது எவ்வளவு நாள் எடுத்து, எவ்வளவு உரசலோடு வளர்ந்த நட்பு என்று தெரிகிறது.

புலவருக்கும் புரவலனுக்கும் இருப்பது முதலில் தொழில் உறவுதான். அவர் பாடுகிறார், இவன் பரிசு தருகிறான். அந்த உறவில் ஔவைக்கு ஒருமுறை பெருங்கோபம் வந்தது. பரிசு தர அதியமான் காலம் கடத்தினான். அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஆசையால் கடத்தினான் என்று சொல்வதுண்டு. 206ஆம் பாட்டில் அவர் வாயில் காப்பவனிடம், உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத்தான் தெரியவில்லையா என்று கேட்கிறார். கைத்தொழில் தெரிந்தவருக்குப் போகிற திசையெல்லாம் பிழைப்பு உண்டு என்று சொல்லி யாழை மூட்டை கட்டுகிறார். அதே ஔவை 101ஆம் பாட்டில், பலநாள் பலரோடு போனாலும் இவன் முதல்நாள் காட்டிய அதே விருப்பத்தைக் காட்டுகிறவன் என்கிறார். பரிசு முந்தலாம், பிந்தலாம், ஆனால் அது கைக்கு வந்தது மாதிரிதான் என்று ஆறுதலாகப் பேசுகிறார். எந்தப் பாட்டு முன், எது பின் என்பது எப்படியிருந்தாலும், இரண்டும் ஒரே உறவுக்குள் நடந்தவை. பலமுறை போய்வந்ததால்தான் கோபித்துக்கொள்ளும் உரிமையும் வந்தது, காத்திருக்கும் நம்பிக்கையும் வந்தது.

அதியமான் இன்னொரு புலவரிடம் சறுக்கியதும் புறநானூற்றில் இருக்கிறது. குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை அவன் நேரில் பார்க்கவில்லை. இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஆள் மூலம் பொருளை அனுப்பிவிட்டான். அவர் வாங்க மறுத்துவிட்டார். என்னைக் காணாமல் கொடுத்த பொருளை எடுத்துக்கொண்டு போக நான் வியாபாரப் புலவன் இல்லை, என் தகுதி அறிந்து தந்தால் தினையளவாக இருந்தாலும் இனிது என்பது 208ஆம் பாட்டின் சாரம். தீபாவளிக்கு டிரைவரிடம் இனிப்புப் பெட்டி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிற கம்பெனிகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பாட்டு நினைவு வரும். பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு நாலு வீட்டுக்காவது தாமே போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்.

ஔவையோடு அவனுடைய பழக்கம் எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். பரிசு வாங்க வந்தவர், அவனுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போகிறவர் ஆனார். போர்க்கோலம் கலையாமல் அவன் பிறந்த மகனைப் பார்க்க வந்தபோதும் அவர் பாடினார். அவன் இறந்தபோது பாடினார், அவனுக்கு நட்ட கல்லைப் பார்த்தும் பாடினார். அவன் மகன் பொகுட்டெழினியையும் பாடினார். அடுத்த தலைமுறைக்கும் போனால்தான் அது பழக்கம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்பாக்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கலை நம்பி இன்றும் நாங்கள் முட்டைக்கு முன்பணம் கேட்காத வீடுகள் இங்கே இருக்கின்றன.

பழைய கதை வேண்டாம் என்பவர்களுக்கு இதே மாவட்டத்தில் இன்றைய உதாரணம் இருக்கிறது. அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் இருக்கிறது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. ஆலப்புழையில் மருத்துவம் படித்து, காந்திகிராமத்தில் வேலை பார்த்த ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதி 1993இல் அங்கே வந்து ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய சிறு குடிசைதான் முதல் மருத்துவமனை. அந்தக் காலத்தில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஊருக்கு டாக்டர் வருவது, முகாம் போடுவது, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவது எல்லாம் மலைக்காரர்கள் பார்க்காததல்ல. வந்தவர் மறுபடியும் வருவதைத்தான் அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

இந்த இருவரும் அங்கேயே தங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து மருத்துவப் பணிக்குப் பழக்கினார்கள். கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கர்ப்பிணியைப் பார்ப்பதும் குழந்தையை எடை போடுவதும் அந்த ஊர்ப் பெண்களின் வேலையாயிற்று. குழந்தைச் சாவு படிப்படியாகக் குறைந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சுமார் பத்து ஆண்டு கழித்து நடந்தது. உங்களுக்கு என்ன கவலை என்று கேட்டபோது விவசாயிகள் தங்கள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். உரத்துக்கும் மருந்துக்கும் செலவழித்துக் கட்டுபடியாகவில்லை என்றார்கள். அதிலிருந்து இயற்கை விவசாயிகள் சங்கம் பிறந்தது. லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரித் தையல், வயதான ஒருசிலர் கையோடு மறைந்துபோக இருந்த நிலையில், 'போர்கை' என்ற பெயரில் மறுபடி உயிர் பெற்றது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்த மக்கள் டாக்டரிடம் விதையைப் பற்றியும் நூலைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு நெருங்குவதற்குப் பத்து ஆண்டு ஆயிற்று. முதல் ஆண்டிலேயே கேட்டிருந்தால் அந்தப் பதில் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். யாரோ ஒருவர் கைகாட்டி வேலை வாங்கிக் கொடுத்திருப்பார். முதல் சம்பளம் வந்ததும் அவருக்கு ஒரு போன் போடுவதில்லை. மறுபடி வேலை மாறும்போதுதான் அவர் நினைவு வருகிறது. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்புவதைத் தொடர்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நூறு பேருக்குப் போகிற படம், அதில் அவர் எங்கே இருக்கிறார்? அவர் சொன்ன ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்திருந்து கேட்பது வேறு. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றீங்களே, முடிஞ்சுதா?" என்று ஒரே ஒரு வரி போதும். அங்காடியில் நம்பர் வாங்கியதும் அன்று மாலையே, அவர் பேச்சில் வந்த ஒரு செய்தியைப் பெயரோடு சேர்த்துக் குறித்துக்கொள்வது என் வழக்கம். போர் தண்ணீர் குறைந்தது, மகள் பிளஸ் டூ, புது வளர்ப்பு மனைக்குக் கடன் என்று எதுவானாலும் சரி. அடுத்தமுறை பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

விலை விழுந்த நாளில் போவது எல்லாவற்றிலும் முக்கியம். கூட்டை அறுவடை செய்தால் வைத்திருக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும், அந்தக் கூட்டில் அறுபடாத நூல் எடுக்க முடியாது. அதனால் அன்றைக்கு என்ன விலையோ அதற்கு விற்றுத்தான் ஆகவேண்டும். நல்ல விலை போன நாளில் எல்லோரும் டீக்கடையில் ஒன்றாக நிற்போம். விலை விழுந்த நாளில் விவசாயி தனியாக மூட்டைச் சாக்கை மடித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் நிற்கிறவர் யாரோ, அவரிடமிருந்துதான் அடுத்த முறை புழு வாங்குவார். விற்பனைக்காக அப்படிப் போய் நில் என்று நான் சொல்லவில்லை. அந்த நாளில் ஒருவரைத் தனியாக விடக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் போனிலும் இப்படி எண்கள் இருக்கும். போன மாதம் ரயிலில் பார்த்தவர், கண்காட்சியில் கார்டு கொடுத்தவர், ஒரு சின்ன உதவி செய்துவிட்டுப் போனவர். இந்த வாரம் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் அன்று சொன்ன ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது எதையும் இந்த ஒருமுறை கேட்காதீர்கள். பக்கத்து ஊர் என்றால் போனைவிட பஸ் ஏறி நேரில் போய்வருவது நல்லது.