டெப்பாசிட்டை விட்டுவிடாதே

திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில், “போனால் போகட்டும்க்கா, பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு” என்றாயே, அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. பேசினால் பேச்சு வேறெங்காவது போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். அந்த 1,100 வெள்ளி நீ ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். வீடு காலி செய்ததும் திருப்பித் தருவதாக வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிய டெப்பாசிட். அதைக் கேட்பது எப்படி வம்பாகும்?

சிங்கப்பூரில் இது போன்ற சின்னப் பணத் தகராறுகளுக்காகவே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 1985 முதல் இருக்கிறது. செங்காங்கில் குடியிருந்தபோது உன் மாமாவும் நானும் எங்கள் டெப்பாசிட்டை அங்கே போய்த்தான் வாங்கினோம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வீட்டு வாடகை என்றால் ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. உன்னுடையது ஒரு வருஷம்தான். இரண்டு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. எனக்குப் பெரிய தைரியம் தந்தது இந்த ஒரு விதிதான். வீட்டுக்காரரிடம் காசு இருக்கிறதென்று அவருக்காகப் பேச ஆள் வர முடியாது. அவரும் நீயும் அவரவர் வாயால்தான் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுவிடு. வேலை பாஸுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படாதே. இது போலீஸ் கேஸ் இல்லை, இரண்டு பேருக்குள் இருக்கும் பணக் கணக்கு.

முதலில் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடு. எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் வேண்டும், தராவிட்டால் மன்றத்துக்குப் போவேன், இவ்வளவு போதும். கோபமாக ஒரு வார்த்தைகூட வேண்டாம், நாளைக்கு அதை நடுவரும் படிப்பார். பதில் வராவிட்டால் சி.ஜே.டி.எஸ். என்ற கோர்ட் இணையத்தளத்தில் சிங்பாஸ் வைத்து நீயே பதிவு செய்யலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு உன்னைப் போன்ற தனிநபர் கட்டுவது 10 வெள்ளிதான். அதன் பிறகு நோட்டீஸை அவரிடம் சேர்ப்பிப்பது உன் பொறுப்பு. சேர்த்துவிட்டதாகத் தளத்தில் தெரிவிக்கவும் வேண்டும். இதை மறந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இனி ஆதாரம். இதைத்தான் நீ உட்கார்ந்து செய்ய வேண்டும். குடி போன அன்று எடுத்த போட்டோ, காலி செய்த அன்று எடுத்த போட்டோ, இரண்டையும் அறை வாரியாக அடுத்தடுத்து வை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்த ரசீதுகள், டெப்பாசிட் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், சாவியை ஒப்படைத்தபோது அவர் அனுப்பிய செய்தி, எதையும் விடாதே. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் கட்டினாயா என்று பார். மொத்த வாடகையில் 0.4 சதவீதம், உனக்குச் சுமார் 52 வெள்ளி வந்திருக்கும். அந்தச் சான்றிதழையும் சேர்த்து வை.

சுவரில் ஆணி ஓட்டை, மெத்தையில் கறை என்று சொல்லி அவர் எதிர்க் கோரிக்கை போடலாம். அப்போது பதறாதே. ஒரு வருஷம் மனுஷன் புழங்கினால் வரும் தேய்மானத்துக்கு உன்னிடம் பணம் கேட்க முடியாது. ஒவ்வொரு ரிப்பேருக்கும் பில் எங்கே என்று கேள். அதே சமயம் அந்த ஆணிகளை நீ அடித்தாய் என்றால் அதை ஒத்துக்கொண்டு, பூசுவதற்கு ஆகும் நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேள். மன உளைச்சலுக்கு இவ்வளவு என்றெல்லாம் சேர்த்து எழுதாதே. கணக்கு சின்னதாகவும் சுத்தமாகவும் இருந்தால் கேட்பவர் நம்புவார்.

உடனே விசாரணை என்று நினைக்காதே. முதலில் பதிவாளர் முன்னால் இரண்டு பேரையும் உட்கார வைத்து, பேசித் தீர்க்க முடியுமா என்று பார்ப்பார்கள். எங்களுக்கு அதிலேயே முடிந்துவிட்டது. வந்தது முழுத் தொகை இல்லை, ஆனால் முக்கால்வாசிக்கு மேல். முடியாவிட்டால்தான் நடுவர் முன்னால் விசாரணை. குறித்த நாளில் நீ போகாவிட்டால் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள், அதனால் சூப்பர்வைசரிடம் முன்னாடியே லீவு சொல்லிவிடு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உனக்குச் சாதகமாக உத்தரவு வந்த பிறகும் அவர் தராமல் இழுத்தால், அமலாக்கத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் செலவும் தனி. அதனால் தவணையாகத் தருகிறேன் என்று அவர் சொன்னால் உடனே மறுத்துவிடாதே. தேதி போட்டு உத்தரவில் எழுத வைத்துக்கொள்.

உன் ரூம்மேட்டின் சம்பள பாக்கி இந்த மன்றத்தில் வராது. அதற்கு வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கென்று தனி நடுவர் மன்றம் இருக்கிறது, கெடுவும் குறைவு. அவனைத் தள்ளிப்போட வேண்டாமென்று சொல். உனக்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஆனாலும் நாளாக நாளாக வாட்ஸ்அப் செய்திகள் போனோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒப்பந்தத்தையும் போட்டோக்களையும் எனக்கு அனுப்பு. தேதிவாரியாக ஒரு பக்கத்தில் நான் எழுதித் தருகிறேன், மாமா ஒருமுறை பார்த்துவிடுவார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் இப்போதைக்குச் சொல்லாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா